வீட்டுக்கு ஒரு ஞானத்தகப்பன்

சான் அன்தோனியோவில் வீட்டுக்கடன், காப்பீட்டுப் பத்திரங்களை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிய மொழிக்கு மாற்றித் தருவதுதான் நெலிதாவின் பிழைப்பு. ஒரு சொல் பிசகினால் யாருடைய கூரையோ போய்விடும் என்ற பயம் அவளைத் தூக்கத்திலும் விடாது. அதனால் எந்தப் புதிய வாசகத்தையும் முதலில் சோளரொட்டிக் கடை ஓத்திலியாவிடம் சொல்லிப் பார்ப்பாள். ஓத்திலியா வெறுமனே தலையாட்டினால் அவளுக்குப் புரியவில்லை, வாசகம் தேறவில்லை. "அதெப்படி, எவனோ கட்டாததுக்கு நான் அழணுமா?" என்று சண்டைக்கு வந்தால் தேறிவிட்டது.

அன்று கடன் அலுவலகத்தில் கையெழுத்து. வீடு வாங்குபவன் ஃபெர்மின், கூரை வேய்கிறவன். பிணை நிற்க வந்தவர் பெரியவர் தோன் ஹசின்தோ, அவன் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர்; அந்த உறவில் அவனுக்குக் 'கொம்பாத்ரே'. கஞ்சி போட்ட சட்டை. மடியில் இனிப்பு ரொட்டிப் பெட்டி.

அதிகாரி கோலீன் வாசிக்க வாசிக்க, நெலிதா வரி பிசகாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். "கடனாளி தவறும் பட்சத்தில் முழுப் பொறுப்பும் பிணையாளருடையது." பூசை கேட்பவரைப்போல ஹசின்தோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

தலையாட்டினால் தேறவில்லை என்பது நெலிதாவுக்குத் தெரியும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தாலும் வேலை போய்விடும். கோலீனிடம் கேட்டாள், ஹசின்தோவுக்குப் புரிந்ததை அவரையே ஒருமுறை சொல்லச் சொல்லலாமா என்று. கோலீன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

"தோன் ஹசின்தோ, வீட்டுக்குப் போயி உங்க வீட்டுக்காரம்மா சாயோகிட்ட இத எப்படிச் சொல்லுவீங்க?"

"இதுல என்ன தாயி இருக்கு? கல்யாணத்துல மோதிரத்துக்கு ஒரு ஞானத்தகப்பன், கேக்குக்கு ஒருத்தன், பாட்டுக்காரனுக்கு ஒருத்தன்னு நிப்போம்ல. அந்த மாதிரி இந்த வீட்டுக்கு மரியாதைக்கு நிக்கிறவன் நான். அதான் ரொட்டி வாங்கியாந்தேன்."

ரொட்டியைக்கூட விடாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். கோலீன் பேனாவை மூடிவைத்தாள். பிறகு அவள் மெல்லச் சொன்னதை நெலிதா மாற்றினாள்.

"அப்படியில்லீங்க ஐயா. அவரால முடியலன்னா நீங்கதான் கட்டணும். இல்லன்னா உங்க மேல வழக்கு வரும்."

இம்முறை தலை ஆடவில்லை. "இவன் கூரையிலேர்ந்து விழுந்து கால ஒடிச்சுக்கிட்டா?"

"அப்பவும் நீங்கதான்."

ஹசின்தோ ஃபெர்மினைப் பார்த்தார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் கொம்பாத்ரே. திரும்பக் கேட்டா உங்கள நம்பாத மாதிரி ஆயிரும்னு..."

"நானும் அதுக்குத்தான்டா கேக்கல."

ஃபெர்மின் பத்திரத்தை மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டான். "சாயோ அக்காகிட்ட பேசிட்டு வாங்க. அவங்க வேணாம்னா வேணாம்."

வெளியே வந்த நெலிதா வாசலிலேயே நின்று பார்த்தாள். இருவரும் ஒரே வண்டியில் வந்தவர்கள். சேர்ந்து போவார்களா? வெளியிலிருந்து திறக்க வராத வண்டிக் கதவை ஃபெர்மின் உள்ளிருந்து தள்ளித் திறந்தான். ஹசின்தோ ஒரு ரொட்டியை அவள் கையில் வைத்துவிட்டு ஏறினார். வண்டி நகரும்போதே அவர் குரல் உயர்ந்தது.

"மொதல்ல விபத்துக் காப்பீடு எடு. அந்த ஒடஞ்ச ஏணியத் தூக்கிப் போடு. அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசு."

"ஏணிக்கு என்ன கொறச்சல், கொம்பாத்ரே?"

தெருமுனை வரை சண்டை கேட்டது. அதற்குப் பிறகுதான் நெலிதா ரொட்டியைக் கடித்தாள்.