ராஜவேலு மாற்றச் சொன்ன முடிவு

எங்கள் வடமாலபேட்டை சித்தூர் ஜில்லாவை விட்டுத் திருப்பதி ஜில்லாவில் சேர்ந்ததே, அந்த வருஷம்தான் ராஜவேலுவின் நாவல் அச்சில் வந்தது. போன வெள்ளிக்கிழமை அவர் மகள் சுமதி போன் செய்தாள். "மாமா, நைனா போயிட்டாரு. ரெண்டு இட்லி துன்னுட்டுத்தான் போனாரு" என்றாள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார். ராஜவேலுவைப் படித்தவர்களுக்காக இது.

ராஜவேலு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி பஸ் என் பஞ்சர் கடை எதிரில்தான் நிற்கும். பஸ் வரும்வரை, முந்தின நாள் எழுதியதைப் படிப்பார். நானும் பக்கத்துக் கடை டெய்லர் முனிரத்தினமும் கேட்போம். மறுநாள் அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் எதை விட்டேனோ அதை அவர் அடித்துவிடுவார். "உன் மண்டையில நிக்காதது எவன் மண்டையில நிக்கும், டேப்பு?" என்பார். டேப் ரெக்கார்டராம் நான். ஒரு நாளும் அவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கதை இதுதான். விபத்தில் ஞாபகம் போன ஒருவன். வீட்டார் அவன் கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிவிடுகிறார்கள். அதற்குள் பொய்யாக ஒரு ஊர், அதில் செத்துப்போன பெண்டாட்டி அவனுக்குச் சோறு போடுகிறாள். நிஜம் என்று நம்பிச் சந்தோஷமாக இருக்கிறான். கடைசியில் சிநேகிதன் ஒருவன் பெட்டியைக் கழற்றி, அவள் செத்துவிட்டாள் என்கிறான். அவன் அழுகிறான், மறக்கிறான், மறுபடி கேட்கிறான். சிநேகிதன் மறுபடி சொல்கிறான். அதோடு முடிந்தது.

கதையில் வரும் பெண்டாட்டிக்குத் தன் பெண்டாட்டி தனம்மாள் பேரையே வைத்திருந்தார். டிபன் டப்பா கொடுக்க வந்த அந்தம்மா காதில் அது விழுந்துவிட்டது.

"ஏய்யா, உசுரோட இருக்கும்போதே என்ன மால போட்ட படமாக்கிட்டியே?"

"படம் எதிர்த்துப் பேசாது" என்றார்.

முனிரத்தினம் சிரித்தான். அந்தம்மா டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டது.

முடிவை மட்டும் மாற்றுங்கள், பெட்டி அவன் கண்ணிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் கெஞ்சினேன். பொய்யில் வாழ்கிறவன் மாடு என்றார். "எனக்கு அப்படி ஆனா நீ நெசத்தத்தான் சொல்லணும்" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

தனம்மாள் செத்த அடுத்த வருஷமே அவருக்கு மறதி வந்தது. எழுதினதும் போச்சு, நானும் போனேன். தனம் எங்கே என்பது மட்டும் நின்றது. கார்வேட்டிநகரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லுங்கள் என்றாள் சுமதி. சத்தியம் செய்தவன் நான். செத்துட்டாங்க என்றேன். சுவரில் தலையை இடித்துக்கொண்டு அழுதார். டீ வந்தது, குடித்தார். "தனம் எங்க?" என்றார். மறுபடி சொன்னேன். அதே அழுகை, அதே சுவர். சுமதி என்னை வெளியே போகச் சொன்னாள். அவள் சொன்னது நியாயம்.

அப்புறம் அவளே கூப்பிட்டாள். அவர் ஒரு கதை சொல்லச் சொன்னார். எனக்கு வேறு கதை ஏது? அவருடையதையே சொன்னேன். சிநேகிதன் பெட்டியில் கை வைக்கும் இடம் வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டாதன்னு சொல்லு அவன்கிட்ட."

"புஸ்தகத்துல கழட்டறானே."

"எவன்டா எழுதினது? பொண்டாட்டி புள்ள இல்லாதவனா இருப்பான்."

எவன் என்று நான் சொல்லவில்லை. அவன் கழற்றவில்லை, தனம் சோறு போட்டாள் என்று முடித்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. துன்னுக்கினே இருந்தான்."

சிரித்தார். "தனம் எங்க?" என்றார். கார்வேட்டிநகரம் போயிருக்காங்க, சாயங்காலம் வந்துடுவாங்க என்றேன். சாகும்வரை அதையே சொன்னேன்.

உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் அவன் இன்னும் அழுதுகொண்டிருக்கிறான். என்னிடம் இருப்பதில் அவன் சாப்பிடுகிறான். அந்தக் கதையை அவர் வாயால் கேட்டவர்களில் தனம்மாள் இப்போது உயிரோடு இல்லை. முனிரத்தினம் போன ஆடியில் போனான். மிச்சம் டேப்புதான். என் பேர் துரைசாமி.