முதல் ஸ்பூன் அண்ணிக்கு

என் அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். எந்தக் கட்டடத்து லிஃப்டாக இருந்தாலும் சட்டென்று ஏறிவிட மாட்டான். கதவின் விளிம்பைத் தடவுவான், காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பான், ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து அழுத்திப் பார்ப்பான். பின்னால் நிற்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். எனக்கு அது எப்போதோ போய்விட்டது. ஆனால் இது அவன் கதை இல்லை, அண்ணியின் கதை. அவனைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது என்பதுதான் தொல்லை.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஃப்ரேமைச் சூடு காட்டி, காதுக்குப் பின்னால் உட்காரும் இடத்தை விரலாலேயே வளைத்து, வந்தவர் முகத்தில் மாட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்ப்பாள். இது எனக்குப் பொருந்தாது, அது வேண்டாம் என்று இழுக்கிறவர்களிடம், "போட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்பாள். வாழ்க்கைக்கும் அவளிடம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். புது வழியில் பஸ் விட்டால் ஏறிப் பார்ப்பாள். பேர் தெரியாத பழம் கடைக்கு வந்தால் அங்கேயே நறுக்கச் சொல்வாள். எங்க அண்ணனையும் இப்படித்தான் போட்டுப் பார்த்தீங்களா என்று ஒருமுறை கேட்டேன். கொஞ்சம் இறுக்கம்தான், போகப் போகப் பழகிடுச்சு என்றாள், அவன் காதில் விழும்படியே.

அண்ணனுக்கு வீட்டுச் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்காது. கல்யாணமான புதிதில் அவனை இழுத்துக்கொண்டு அவள் போன முதல் இடம், சலவைக்கடைக்கு அடுத்த கட்டடத்தில் இருந்த சீனச் சாப்பாட்டுக் கடை. நானும் கூடப் போயிருந்தேன். சமையல் தரைக்குக் கீழே. கீழிருந்து ஒரு குட்டி லிஃப்டில் தட்டுகள் மேலே வரும். அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்கக் காத்திருக்கிறவன் மாதிரி அந்தக் குட்டி லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சூப் வந்தது. இதில் என்ன போட்டிருக்கிறார்களோ, யார் கண்டது என்று முணுமுணுத்தான். அண்ணி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து ஒரு ஸ்பூன் குடித்தாள். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு யோசித்தாள். அப்புறம் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்க. செத்துட மாட்டீங்க."

சாப்பிட்டான். சாகவில்லை. அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் அந்தக் கடைதான். இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த மீன், மாவுக்குள் கீரையை மடித்து வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று, வாயில் வைத்ததும் காணாமல் போகிற டோஃபு என்கிற சோயாக் கட்டி, நூடுல்ஸ் என்று ஒவ்வொன்றாக அவனுக்குப் பழக்கினாள். எல்லாவற்றிலும் முதல் வாய் அண்ணிக்கு. அவள் ருசி பார்த்து, அந்த வார்த்தையைச் சொல்லி, தட்டைத் தள்ளினால்தான் அவன் கை நீளும். வருஷக்கணக்காகத் தின்ற அதே மீனாக இருந்தாலும் அப்படித்தான். இன்னுமா பயம் என்று நான் சீண்டுவேன். அவன் சிரிக்கவும் மாட்டான், கோபப்படவும் மாட்டான். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், நமக்கென்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணி தோற்றாள். அங்கே சூப்பைச் சோளமாவு கரைத்துக் கெட்டியாகத்தான் செய்வார்கள். அண்ணிக்கு அது உயிர். அண்ணனுக்கோ அது பசை. இதை வைத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டலாம் என்பான். அந்தக் கடையின் பெரிய சமையல்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டி லிஃப்ட் மக்கர் செய்யும்போதெல்லாம் அண்ணன்தான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்குவான். அதனால் மாஸ்டருக்கு அவன்மேல் தனிப் பிரியம். எங்கள் மேஜைக்கு என்று சீட்டு கீழே போனால் கரண்டியை அவரே வாங்கிக்கொள்வார். மாவு கரைக்காமல், தண்ணீராக, தெளிவாக ஒரு சூப் மேலே வரும். அண்ணியும் அதையே குடித்துவிட்டுத் தள்ளுவாள். தனக்கு மட்டும் கெட்டியாக ஒரு கிண்ணம் கேட்டிருக்கலாம். கேட்டதில்லை.

தனக்கென்று அவள் வைத்துக்கொண்டது வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். ஸ்டேஷன் சுரங்கப்பாதையில் ஒரு ஜப்பான்கார அம்மா கடை போட்டிருந்தார். உட்கார இடம் கிடையாது. கண்ணாடி அலமாரியில் கடல்பாசி சுற்றிய முக்கோணச் சோறு, குளிர்ந்த நூடுல்ஸ், காடியில் ஊறிய வெள்ளரி எல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகளில் வரிசையாக இருக்கும். வேலை விட்டு வரும்போது அண்ணியும் நானும் அங்கே நின்றபடியே சாப்பிடுவோம். ஓரத்தில் மூடி போட்ட கோப்பைகளில் ஆவியில் வெந்த முட்டை இருக்கும். ஸ்பூன் பட்டாலே நடுங்கும். அதைச் சாப்பிடும்போது அண்ணி கண்ணை மூடிக்கொள்வாள். இதைப் பத்தி மட்டும் உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாதே, இது எனக்கு என்பாள். நானும் மூச்சு விட்டதில்லை.

ஒருநாள் கடையில் யாருக்கோ ஃப்ரேம் மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் வலது கை விழுந்துவிட்டது. கையோடு பேச்சும் போயிற்று. மூளைக்குள் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் தப்பியது. ஆனால் தொண்டைக்கு விழுங்க மறந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் விழுங்கப் பழக்குவதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். தண்ணீராக எது கொடுத்தாலும் வழி தவறி நுரையீரலுக்குப் போகும், ஆபத்து என்று எங்களை உட்கார வைத்துச் சொன்னாள். எல்லாம் கெட்டியாக, கட்டியில்லாமல், ஸ்பூனைச் சாய்த்தால் மெதுவாகக் கழன்று விழ வேண்டும். அதற்கு அவள் கொடுத்த பொடியோடு அண்ணியை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அதைக் கலந்தால் எந்தச் சாப்பாடும் ஒரே சாம்பல் நிறக் கூழாகிவிடும். அண்ணி இரண்டு வாய் வாங்குவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தோள் எலும்பு துருத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எத்தனை ஆசையாகத் தின்ற வாய் அது.

இப்படியே போனால் வயிற்றில் துளை போட்டு டியூப் வழியாகத்தான் ஆகாரம் என்றார் டாக்டர். பேச முடியாதே தவிர அண்ணிக்கு எல்லாம் புரியும். இடது கையால் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். விழுந்த நாளிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. காலமெல்லாம் அவன் திட்டிய அந்தப் பசை! ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் ஓடிப்போய்க் கேட்டான். நன்றாக வடிகட்டி, அவள் சொன்ன பதத்தில் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றாள். உடனே கடைக்குப் போன் செய்து, கெட்டியாக, வடிகட்டி ஒரு பார்சல் என்று சொன்னான். போனை எடுத்தவர் சரியாகத்தான் எழுதிக்கொண்டார். சீட்டு கீழே போயிற்று. மாஸ்டர் அதில் லிஃப்ட்காரர் என்று இருந்ததைப் பார்த்தார். அண்ணி விழுந்த சேதி அவருக்கு எட்டியிருந்தது. அந்த வீட்டுக்குப் போய்ப் பசை சூப்பா, அதுவும் இந்த நேரத்திலா என்று, தயாராக இருந்ததைத் தள்ளி வைத்துவிட்டு, தன் கையாலேயே தெளிவாக ஒன்று காய்ச்சி, ஆறாமல் இருக்கத் துண்டு சுற்றி அனுப்பினார்.

அதை அண்ணன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தான். ஆவி அடித்துக் கண்ணாடி மங்கிவிட்டது. அண்ணி தேர்ந்தெடுத்து, அவன் காதுக்கென்று வளைத்துக் கொடுத்த கண்ணாடி. லிஃப்டில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்க்காமல் ஏறாத மனுஷன், அந்த ஸ்பூனைச் சாய்த்துப் பார்க்கவில்லை, நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. நேரே அவள் உதட்டுக்குக் கொண்டு போனான். முதல் வாய் எப்போதும் அவளுக்குத்தானே. கை அதன் பழக்கத்துக்குப் போயிற்று.

நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தபோது அண்ணிக்குப் புரையேறி முகம் நீலம் பாரித்திருந்தது. அண்ணனுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி, நெஞ்சில் சளி, காய்ச்சல். பிழைத்து வீடு வந்தாள். வந்தவள் வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். ஜப்பான்கார அம்மாவிடம் சொல்லி, உள்ளே துண்டு துணுக்கு எதுவும் போடாமல் முட்டையை மட்டும் வேகவைத்து வாங்கி வந்தேன். கோப்பையை அண்ணிக்கு அடையாளம் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. டியூப் போட நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் வாய்வழியாக ஒரு கிண்ணமாவது இறங்கினால் தள்ளிப்போடலாம் என்றாள் அந்த விழுங்கப் பழக்குகிற பெண். அண்ணன் ஸ்பூனையே தொடுவதில்லை.

மாஸ்டரிடம் நான் சண்டை போடத்தான் போனேன். படியிறங்கி அடுப்பறைக்கே போய், எங்க அண்ணியை அள்ளிக்கொண்டு போகப் பார்த்ததே உங்க சூப் என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். எங்கள் பாஷை அவருக்கு அரைகுறைதான். அந்த அரைகுறையிலேயே இரண்டு முறை என்னைத் திரும்பச் சொல்ல வைத்தார். அப்புறம் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டார். நன்றாக இருக்கட்டும் என்று செய்தேன் என்றார். அக்கறையில்லாதவனோடு சண்டை போடலாம், இவரோடு என்னத்தைப் போடுவது?

டியூப் போடுவதற்கு முந்தின நாள் மாஸ்டர் தன் பாத்திரத்தோடு வீட்டுக்கு வந்தார். அண்ணன் அவரைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு வழி விட்டான். இரண்டு பேரும் எங்கள் அடுப்படியில் தோள் இடிக்க நின்றார்கள். மாஸ்டர் சோளத்தை அரைத்துத் துணியில் வடிகட்டினார், மாவு கரைத்து ஊற்றினார். அண்ணன் ஸ்பூனால் எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் என்றான். மறுபடி சாய்த்தான். வேகமாக விழுகிறது என்றான். லிஃப்ட் கயிற்றைச் சோதிக்கிற அதே முகம். மாஸ்டர் அலுத்துக்கொள்ளாமல் கரைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணியை நேராக உட்கார வைத்து, சொல்லித் தந்தபடி தாடையைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டேன். கட்டிலோடு சேர்த்துச் சின்ன மேஜையைப் போட்டு அண்ணன் கிண்ணத்தை வைத்தான். உடனே அண்ணி உதட்டை இறுக்கிக்கொண்டாள். கண்ணில் அப்படியொரு பயம். எதையும் போட்டுப் பார்க்கிற அந்தப் பெண்ணின் கண்ணில் அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அண்ணன் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒரு ஸ்பூன் எடுத்துத் தன் வாயில் வைத்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான், விழுங்கினான், கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"சாப்பிடு. செத்துட மாட்டே" என்றான்.

அண்ணி ரொம்ப நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். அவன் வேறு ஸ்பூனில் எடுத்துக் கொடுத்தான். வாசலில் மாஸ்டர் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இருமல் வருமோ என்று மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். வரவில்லை. அவன் அவசரமாக அடுத்த ஸ்பூனை எடுத்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அண்ணி இடது கையை மெதுவாகத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். விரலால் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

அண்ணன் அந்தப் பசையை ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டான். அதற்கப்புறம்தான் அவள் வாயைத் திறந்தாள்.