மருந்து வரும்வரை காதைக் காப்பாற்றுவது

பிள்ளைகளே, அரிசி மில்லில் மிஷின் பக்கத்திலேயே இத்தனை வருஷம் நின்றதில் என் காது மந்தமாகிவிட்டது. மிஷினை நிறுத்திய பிறகும் காதுக்குள் ‘கொய்ங்’ என்ற இரைச்சல் நிற்பதில்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நானாகவே ஊற்றிப் பார்த்தேன்.

மதுரையில் காது டாக்டரம்மா திட்டினார். “எண்ணெய மொதல்ல நிறுத்துங்க. கேக்குற தெறனத் திருப்பிக் கொண்டுவரவும் இரைச்சலக் கொறைக்கவும் மருந்து பரிசோதனையில இருக்கு. கடைக்கு இன்னும் வரல. அதுவரைக்கும் மிச்சமிருக்கறதக் காப்பாத்துங்க” என்று சொல்லி, மில்லில் காதுமூடி போடச் சொன்னார்.

போட்டால் வேலை எப்படி நடக்கும்? உமி நீக்கும் ரப்பர் உருளை அதிகமாக இறுகினால் அரிசி நொறுங்கும். அதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். காதுமூடியோடு அது முடியாது. அதனால் மிஷின் மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வில் கண்டுபிடிக்கப் பழகினேன்.

கூட வேலை பார்ப்பவர் விடவில்லை. “என்ன மாப்ள, மிஷினுக்குக் காய்ச்சலா? தொட்டுத் தொட்டுப் பாக்குற?”

“ஆமா மாப்ள. அடுத்து ஒன்னத்தான் பாக்கணும். நான் கூப்புட்டா ஒனக்கும்தான கேக்கல?”

சாயங்காலம் அவரே வந்து தவிட்டைச் சலித்துப் பார்த்தார். நொறுங்கிய நொய்யரிசி கூடவில்லை. “எனக்கும் காதுமூடி ஒண்ணு வாங்கியா” என்றார்.

அந்த மருந்து வரும் என்று நம்புகிறேன். கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை. நம் வீட்டு அடுப்படியில் சின்னவள் சிரிப்பது கூடத்தில் இருக்கும் எனக்கு இன்னும் கேட்கிறது. அதை விட்டுவிடாமல் வைத்திருப்பது என் கையில்தான் இருக்கிறது.