பற்றவைக்காத பீடி

கருங்கல் ஊர்ச் சந்தைப் பக்கம் பேருந்து ஹாரன் அடித்துவிட்டால் போதும், சத்தியபாய் அக்கா செல்போனின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். சத்தம் அடங்கியதும் கையை எடுத்து, "சொல்லு மக்கா, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்பார். மறுமுனையில் இருப்பவள் பச்சை உடம்புக்காரி. தெருவின் இரைச்சல் அவள் காதில் விழக் கூடாதாம்.

பிழைப்புக்குத் தையல். அதோடு, ஒரு தொண்டு நிறுவனத்துக்காகப் பிள்ளை பெற்ற பெண்களைப் போனில் கூப்பிட்டு, மறுபடி பீடியைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறார். தோளில் போனை இடுக்கியே கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ரேஷன் கார்டு போட்டோவில்கூட அந்தச் சாய்வுதான்.

பெண்களாவது, பீடியாவது என்று வாயைப் பிளக்காதீர்கள். சில கடற்கரை வீடுகளில் அப்பன்காரன் மகளிடம் பீடியை நீட்டி, அடுப்பில் பற்றவைத்து வரச் சொல்வான். முற்றம் தாண்டுவதற்குள் அணைந்துவிடாமலிருக்க அவள் ஓர் இழுப்பு இழுப்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பழக்கம். வயிற்றில் பிள்ளை என்றதும் பயந்து விட்டுவிடுகிறார்கள். பெற்றுப் பிழைத்த பிறகு கை தானாகத் தேடுகிறது.

அக்கா எடுத்த எடுப்பில் பீடியைப் பற்றிக் கேட்கவே மாட்டார். குளித்தாளா, சாப்பிட்டாளா, பிள்ளை பால் குடிக்கிறதா என்று ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் அங்கே வருவார். பக்கத்தில் மாமியார் இருந்தால் பீடிக்குப் பெயர் அயலை மீன். இன்றைக்கு அயலை வாங்கவில்லை என்று பதில் வந்தால் அக்காவுக்கு ஒரே சிரிப்பு. ஆசை வந்தால் கருப்பட்டித் துண்டை வாயில் போடச் சொல்வார். அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் கூப்பிடச் சொல்வார்.

ஜெனிலா அவருக்குச் செல்லம். அவளுடைய பிள்ளை பிறந்ததுமே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தது. வீட்டுக்குள் புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெனிலா தானும் தொடவில்லை. கணவன் லிஜினையும் கடற்கரைக்குப் போய்ப் பீடி குடிக்கச் சொல்லி விரட்டினாள். அந்தச் சண்டையை எல்லாம், துணி தைக்கக் கொடுக்கப் போகும்போது அக்கா என்னிடம் நடித்தே காட்டியிருக்கிறார்.

பிறகு அந்தப் பாழாய்ப் போன ஒக்கிப் புயல் வந்தது. கடலிலிருந்து திரும்பாத வள்ளங்களில் லிஜின் போனதும் ஒன்று. அதற்குப் பிறகு அக்கா ஜெனிலாவைக் கூப்பிடவில்லை. "எந்த வாயால கேப்பேன்?" என்றார் என்னிடம்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு மத்தியானம், தலையணை உறை தைக்கக் கொடுத்துவிட்டு நான் நிற்கும்போது ஜெனிலாவே கூப்பிட்டாள். அக்காவின் பழைய போனில் அந்தப் பக்கம் பேசுவது எதிரில் நிற்பவருக்கும் கேட்கும்.

"அக்கா, அவருக்க சட்டைப் பையில பாதிக் கட்டு பீடி கெடக்கு. வீட்டில இப்ப அவருக்க மணமே இல்ல. ஒண்ணே ஒண்ணு பத்த வச்சா அந்த மணம் வரும். நான் குடிக்க மாட்டேன்."

அக்கா தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில்தான். அன்றைக்கு அது வாயிலிருந்து வர வெகுநேரம் ஆனது.

"பத்த வைக்கண்டாம் மக்கா. பிள்ளைக்க நெஞ்சு தாங்காது. சும்மா மூக்கில வச்சு மணத்திப் பாரு. நான் போன வைக்க மாட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது, மறுபடியும் கேட்டது. அப்புறம் அழுகை. பிள்ளையும் சேர்ந்து அழுதது.

தெருவில் அப்போது எந்தப் பேருந்தும் வரவில்லை. அக்கா செல்போனின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.