அரிசியில்லாத உலை

அரிசியே இல்லாமல் உலை வைப்பவளைப் பார்த்திருக்கிறீர்களா? ஏற்காட்டில் என் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வைப்பாள். அடைமழையில் எஸ்டேட் வேலை நின்றுபோயிருந்தது. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்க, அவள் அடுப்பருகே முட்டிபோட்டு ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா ஸ்டெல்லா, உங்க சாமி அரிசி வாங்கக் கடைக்குப் போயிருக்குதா?" என்றேன்.

"ஒலை காஞ்சா வந்துருமுங்கக்கா" என்றாள்.

பைத்தியக்காரி! எரிச்சல் தாங்காமல் என் வீட்டிலிருந்து ஒரு படி அரிசியைக் கொண்டுவந்து அவள் முன்னால் தொப்பென்று வைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள்.

அரிசி என்னுடையது, நன்றி அவருக்கு!

கூலியில்லாமல் வேலை வாங்கும் அந்தச் சாமியை நான் இன்றும் கும்பிடுவதில்லை. ஆனால் மழை பிடித்துக்கொண்டால், அவள் உலை வைப்பதற்கு முன்பே என் கை படியைத் தேடுகிறது.