பக்கத்து இருக்கையில் பிரேக் அக்கா

பேருந்தில் உட்கார்ந்தாலும் பிரேக் அக்காவின் வலது கால் சும்மா இருப்பதில்லை. குறுக்கே யாராவது வந்தால் போதும், தரையை ஓங்கி மிதிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் தன் காலைக் காப்பாற்றிக்கொண்டு தள்ளி உட்கார வேண்டியதுதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் காலை வைத்து வைத்தே முட்டி தேய்ந்துவிட்டது, பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

அவருக்கு ஆகவே ஆகாத சொல் தன்னம்பிக்கை. கண்ணை மூடி, "நான் சிறந்த ஓட்டுநர், நான் சிறந்த ஓட்டுநர்" என்று முணுமுணுத்துவிட்டு வண்டியைக் கிளப்பும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள்.

"அதெல்லாம் வீட்டுலயே சொல்லிட்டு வாப்பா. இங்க கண்ணைத் திற. பின்னாடி லாரி வருது பாரு" என்பார். நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள்மேல்தான் பிரியம். "பயமா இருக்கா? நல்லது. நீ பொழச்சுக்குவ."

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் இந்த வாய் வீட்டில் எடுபடவில்லை. கணவருக்குச் சில மாதங்களாகப் பார்வை மங்கி வருகிறது. வாசலில் நிற்பது யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். டாக்டர் என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். விடிந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைபேசியில் ஒரு குழைவான குரல் சொல்லச் சொல்ல, கூடவே சொல்கிறார்: "என் பார்வை நாளுக்கு நாள் கூர்மையாகிறது."

"அந்தக் குரலுக்கென்ன, அதுவா ரோட்டைத் தாண்டப் போகுது?" என்று ஒருநாள் அக்கா பாத்திரத்தை நங்கென்று வைத்தார்.

"உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதா? நீ எதையாவது நினைச்சு நினைச்சுத்தான் எனக்கு இப்படி ஆகுது."

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒருவேளை அப்படியும் இருக்குமோ என்று சில நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

போன வாரம் ஒரு காலையில் மகள் பள்ளிக்குக் கிளம்பத் தாமதமாகிவிட்டது. அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் கணவர் அவளைக் காரில் ஏற்றிவிட்டார். "நானே விட்டுட்டு வரேன். எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது!" என்று குரல் மட்டும் உள்ளே வந்தது. வீட்டுக் காரில் இரண்டாவது பிரேக் கிடையாது. ஈரத்தலையோடு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றார்.

நல்ல எதிர்வெயில். வண்டி நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கணவரின் முகம் சிரித்தபடி அவரை நோக்கியே வந்தது.

"அப்பா! அம்மா நிக்கிறாங்க!" பின்சீட்டிலிருந்து மகள் அலறினாள்.

வண்டி குலுங்கி நின்றது.

"எங்கேம்மா?" என்றார் கணவர்.

அக்கா சுற்றி வந்து, திறந்திருந்த ஜன்னலருகே நின்றார். "சாவியைக் குடுங்க" என்று கையை நீட்டினார்.

கணவர் எஞ்சினை அணைத்தார். பிறகு சாவியை உருவி ஜன்னல் வழியே நீட்டினார், அக்காவின் கை இல்லாத பக்கமாக. அக்கா தன் கையை அங்கே நகர்த்திக்கொண்டார்.