பதினொன்றே முக்காலுக்குள் வாங்கிய ஜீப்

அன்றைக்கு வட்டுக்கோட்டையில் அந்த வீட்டு முற்றத்தில் நின்றவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, வாகனத் தரகர், லண்டனிலிருந்து வந்திருந்த ஜீப்காரர், எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி. ஆறாவதாக ஒருவன் நின்றிருக்க வேண்டும். சுன்னாகத்தில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக். நான் வாடகைக்கு ஓட்டிய வானைப் பதினொரு வருடமாகப் பழுது பார்த்தவன் அவன்தான். அவன் வரவில்லை. இந்த ஆட்களை எத்தனை தரம் மனதுக்குள் எண்ணியிருப்பேன் என்று தெரியாது. எண்ணிக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஆறு வந்துவிடும் என்பதுபோல.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிளீனராக ஏறி, சாரதியாகி, கடைசியில் ஒரு பழைய வானுக்குச் சொந்தக்காரனானேன். விமான நிலையம், கோயில், கலியாணம் என்று அது ஓடியது. சில வருடங்களாக வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வான் கேட்பதில்லை. பொம்பிளை மாப்பிள்ளை ஏற, தோல் சீற் போட்ட பெரிய ஜீப் இருக்கா என்றுதான் கேட்கிறார்கள். இல்லை, இல்லை என்று போனில் சொல்லிச் சொல்லியே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம் பிடிக்கும். ரயர் சத்தம் கொஞ்சம் மாறினாலே இறங்கிப் பார்க்கிறவன் நான்.

ஜீப்பின் விலை ஐம்பத்தேழு இலட்சம். வயது பதினெட்டு. புதிதாக இருந்தபோது அதன் கதவைத் தொடவும் என்போன்றவனை விட்டிருக்க மாட்டார்கள். வானை முப்பத்தொன்பதுக்கு விற்றேன். மீதிப் பதினெட்டு இலட்சத்துக்கு மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைத்தோம். பதினொரு பவுண். அவள் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று தானே கழற்றினாள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டாள்.

"ஒரு வருசத்துக்குள்ளை மீட்டுத் தருவியளோ?"

"ஓம்" என்றேன். அடைவுக்கு வைத்த தவணையும் ஒரு வருடம்தான்.

சாத்திரியார் குறித்துத் தந்த நேரம் புதன்கிழமை பதினொன்று பத்திலிருந்து பதினொன்றே முக்கால். அதற்குள் காசைக் கொடுத்து ஜீப்பின் திறப்பை வாங்கிவிட வேண்டும். நாங்கள் போனபோது ஜீப் முற்றத்தில் எஞ்சின் ஓடியபடி ஸ்ராட்டில் நின்றது. உள்ளே குளிராக இருக்கட்டும் என்று ஏசி போட்டு வைத்ததாக ஜீப்காரர் சொன்னார்.

"ஏறி இருந்து பாருங்கோ அண்ணை, நுவரெலியா மாதிரி இருக்கும்" என்றார் தரகர்.

ஏறி இருந்தேன். அப்படித்தான் இருந்தது. ஜீப்காரர் ஒரு தடித்த பைலையும் கையில் தந்தார். திருத்திய பில்லுகள். எல்லாம் ஆங்கிலம். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் இவ்வளவு பில் வைத்திருக்கிற மனிதர் வாகனத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

பதினொரு மணிக்கு மெக்கானிக் போன் எடுத்தான். காங்கேசன்துறை வீதியில் ஒரு பஸ் பழுதாகி நிற்கிறதாம், அதைத் திருத்திக்கொண்டிருக்கிறானாம். "ஒரு மணிக்கு வந்திடுவன் அண்ணை. நான் தூக்கிப் பாக்காமல் காசைக் குடுத்திடாதேங்கோ."

தரகர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டார். "பன்னண்டுக்கு ராகுகாலம். அது முடிய அட்டமி துடங்குது. ஐயா வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுறார். பிறகு நீங்கள் லண்டனுக்குப் போய்த்தான் வாங்கவேணும்."

"மெக்கானிக் வரட்டுமேப்பா" என்றாள் மனைவி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நேரம் போகுது. நீர் பேசாமல் நில்லும்."

அப்படிச் சொன்னது நான்தான். கெட்ட வாகனத்துக்குப் பயப்படவேண்டிய இடத்தில் கெட்ட நேரத்துக்குப் பயந்தேன். பதினொன்று முப்பத்தெட்டுக்குக் காசைக் கொடுத்தேன். நாலு ரயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, மல்லாகத்துக்கு ஓட்டி வந்தேன். வழியில் சனம் திரும்பிப் பார்த்தது. அந்த அரை மணித்தியாலம் நன்றாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த நாள் காலை ஜீப்பின் பின்பக்கம் நிலத்தோடு நிலமாக இருந்தது. ரயர்களில் காற்று இருந்தது. மெக்கானிக் வந்து குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான்.

"இதுக்கு ஸ்பிரிங் இல்லை அண்ணை. காத்துப் பையிலைதான் நிக்குது. பை வெடிச்சுப் போச்சு. ஸ்ராட் பண்ணினால் பம்ப் காத்தடிச்சு எழுப்பும், நிப்பாட்டினால் படுத்திடும். நீங்கள் போகேக்கை ஸ்ராட்டிலையோ நிண்டது?"

ஓம் என்றேன். அவன் பில் பைலை வாங்கிப் புரட்டினான். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவன். "மூண்டு தரம் இதே வேலைக்கு விலை கேட்டிருக்கினம். ஒருக்காலும் செய்யேல்லை."

வட்டுக்கோட்டை வீடு பூட்டிக் கிடந்தது; விற்ற அன்றிரவே கொழும்புக்குப் போய்விட்டார்களாம். லண்டன் நம்பருக்குப் போன் எடுத்தேன். முதல் நாள் மணி அடித்தது. பிறகு அதுவும் இல்லை. தரகர், தான் வாகனத்தைக் காட்டினவன் மட்டும்தான் என்றார்.

கையில் காசு இல்லை. ஸ்ராட்டிலேயே வைத்திருந்தால் சமாளிக்கலாம் என்று முதல் கலியாணத்துக்குப் போனேன். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டு வரப் பிந்திவிட்டது. பொம்பிளை உள்ளே இருக்க, பம்ப் களைத்துப்போய், ஜீப் பின்பக்கமாக மெதுவாக இறங்கத் தொடங்கியது. வீடியோக்காரன் கமராவை விலக்கவில்லை.

"என்ன தம்பி, பொம்பிளை ஏறினதும் ஜீப் மரியாதைக்குக் குந்துதோ?" என்றார் கனடாக்காரர் ஒருவர்.

"உது ஜீப் இல்லை மச்சான், ஒட்டகம். ஆள் இறங்கப் படுக்கும்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

எல்லாரும் சிரித்தார்கள். பொம்பிளையின் தாய் சிரிக்கவில்லை. "நல்ல காரியத்துக்கு வந்த வாகனம் வாசலிலை சரியுது" என்று மட்டும் சொன்னார். திரும்பிப் போக அவர்கள் வேறு வாகனம் பிடித்தார்கள். அந்த மாதத்துக்குப் பேசி வைத்திருந்த மூன்று கலியாணமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப் போயின. ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. "வேறை ஒழுங்கு செய்திட்டம்" என்றார்கள். நேரத்துக்காக நான் மெக்கானிக்கை விட்டேன். சகுனத்துக்காக அவர்கள் என்னை விட்டார்கள். அவர்களில் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மெக்கானிக் கடனுக்குப் பைகளும் பம்பும் எடுத்துப் போட்டான். சாமானுக்கு மட்டும் நாலு இலட்சம். கூலி கேட்கவில்லை. ஜீப் நிமிர்ந்து நின்றது. லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடியது. கிடைத்த ஒன்றிரண்டு ஓட்டத்தின் காசு பெற்றோலுக்கும் எங்கள் சாப்பாட்டுக்கும் போனது. வாங்கிய ஏழாம் மாதம் மயிலிட்டிப் பக்கம் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கியர் விழ மறுத்தது. வேறு கியர்பொக்ஸ் கொழும்பில் பதினாறு இலட்சம் சொன்னார்கள். கயிறு போட்டு இழுத்து வந்து வீட்டு வளவில் விட்டோம்.

மனைவி கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் தலையிடி என்பாள். கோயிலுக்குப் போனாலும் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு போனாள். ஒரு நாளும் என்னைக் குத்திக் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

தவணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கொழும்பு உதிரிப்பாக வியாபாரி ஒருவரைத் தரகர் கூட்டிவந்தார். அவர் பதினாலு இலட்சம் சொன்னார். ஐம்பத்தேழுக்கு வாங்கினது என்று நான் தொடங்கினேன்.

தரகர் என் தோளைப் பிடித்தார். "இனி உதை வாகனம் எண்டு நினையாதேங்கோ அண்ணை. கதவு, லைற், சீற் எண்டு நினையுங்கோ."

கொடுத்தேன். அந்தமுறை நேரம் பார்க்கவில்லை. லொறியில் ஏற்றியபோது மனைவி குசினியில் அடுப்படியில் நின்றாள், வெளியே வரவில்லை. மெக்கானிக்கின் நாலு இலட்சத்தை அன்றே கொடுத்தேன். மிஞ்சிய பத்து இலட்சத்தோடு இரண்டு பேரும் அடைவு கடைக்குப் போனோம். வருட வட்டி இரண்டு இலட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து இருநூறு. அதைக் கழித்து, மிச்சத்தை அசலில் வரவு வைத்து, இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தார்கள்.

"ஒருக்கால் கொடியைப் பாக்கலாமோ?" என்று மனைவி கேட்டாள்.

"முழுக்கக் கட்டினால்தான் எடுத்துக் காட்டலாம் அக்கா" என்றது கவுண்டரில் இருந்த பிள்ளை.

நான் இப்போது வேறொருவருடைய வானுக்கு நாள் சம்பளத்தில் சாரதி. சம்பளம் சாப்பாட்டுக்குச் சரி. வருகிற வருடமும் இதே கவுண்டரில் என்ன சொல்வது என்று இப்போதே யோசிக்கிறேன். கட்ட இருப்பது, வரப்போகும் வட்டியைச் சேர்க்காமல், பத்து இலட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து இருநூறு ரூபாய்.